தானே ஓடும் பதினாறு சக்கரப் பார வண்டி: 1:16 மாதிரி கட்ட முழுமையான வழிகாட்டி

2018 டிசம்பரில் வந்தவாசிக்குப் பக்கத்திலுள்ள கொரக்கோட்டையிலிருந்து பெங்களூரு ஈஜிபுராவுக்குப் பெருமாள் சிலை ஒன்று 240 சக்கர டிரெய்லரில் புறப்பட்டு, மாதக்கணக்கில் ஊர்ந்து வந்தது பலருக்கும் நினைவிருக்கும். அது இழுவை லாரி இழுத்துப் போகும் வகை. இங்கே நாம் கட்டப்போவது அதன் நெருங்கிய உறவு: எஸ்பிஎம்டி (Self-Propelled Modular Transporter), அதாவது தானே ஓடும் பார வண்டி. இழுவை லாரி கிடையாது, சக்கரங்களே ஓட்டும். எல்லாச் சக்கரமும் திரும்பும், மேடை ஏறி இறங்கும், வண்டி நின்ற இடத்திலேயே சுழலும்.

வார இறுதிகளில் இதைக் கட்ட வருகிறவர்களைப் பார்த்ததில் ஒன்று தெளிவு. பாதியில் நிற்கிற வண்டிகள் பெரும்பாலும் மின்சார வேலையால் நிற்பதில்லை. எட்டுக் கால்களையும் ஒரே மூச்சில் செய்துவிட்டு, எட்டிலும் ஒரே பிழை இருப்பதைக் கடைசியில் கண்டுபிடிப்பதால்தான் நிற்கின்றன. ஆகவே கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள். ஒரு கால் முழுதாக முடிந்து, சுமை தாங்கி, திரும்பிக் காட்டும்வரை இரண்டாவது காலுக்குத் தகடு வெட்டக்கூடாது.

1. அளவுகளை முதலில் முடிவு செய்யுங்கள்

அசல் வண்டியின் அகலம் 2430 மி.மீ., ஓர் அச்சு வரிசைக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 1400 மி.மீ., மேடை உயரம் சுமார் 1500 மி.மீ. இவற்றை 16-ஆல் வகுத்தால் அகலம் 152, வரிசை இடைவெளி 87.5, உயரம் 94 மி.மீ. வரும்.

1:20 அளவில் செய்யலாமா என்று பலர் கேட்பார்கள். செய்யலாம், ஆனால் வரிசை இடைவெளி 70 மி.மீ.க்குச் சுருங்கிவிடும், சாதாரண மைக்ரோ செர்வோவும் (சொன்ன கோணத்துக்குத் திரும்பி நிற்கும் சிறு மோட்டார்) பேரிங்கும் அதற்குள் அடங்கப் படாத பாடு படுத்தும். 1:16-தான் கடையில் கிடைக்கும் பொருளுக்கும் அசல் தோற்றத்துக்கும் ஒத்துப்போகும் அளவு.

நாம் கட்டுவது நான்கு வரிசை. வரிசைக்கு இரண்டு கால், காலுக்கு இரண்டு சக்கரம். ஆக எட்டுக் கால், பதினாறு சக்கரம். திரும்பும் மூட்டு, மடங்கும் கை, சிலிண்டர், சக்கர ஜோடி எல்லாம் சேர்ந்ததைத்தான் இங்கே கால் என்கிறேன். இடது வலது மூட்டு மையங்களுக்கு நடுவே 90 மி.மீ. வையுங்கள்.

சுமையையும் இப்போதே முடிவு செய்யுங்கள். நீளம் 16 மடங்கு சுருங்கினால் எடை 16×16×16, அதாவது 4096 மடங்கு சுருங்கும். அசலில் வரிசைக்கு 40 டன் என்றால் மாதிரியில் கிட்டத்தட்ட 9.8 கிலோ. அவ்வளவு வேண்டாம். வரிசைக்கு 3 கிலோ வீதம் மொத்தம் 12 கிலோ சுமை, வண்டியின் சொந்த எடை 4 கிலோ: கூட்டினால் 16 கிலோ. காலுக்கு 2 கிலோ. இந்த 2 கிலோ என்ற எண்தான் இனி வரும் எல்லாக் கணக்குக்கும் அடிப்படை.

2. பொருள்கள், அவை கிடைக்கும் இடங்கள்

மின்சாரச் சாமான் எல்லாம் பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் கிடைக்கும். சிக்பேட் மெட்ரோவில் இறங்கி நடந்துவிடலாம். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும், சனிக்கிழமை காலையே போய்விடுங்கள். வாங்க வேண்டியவை: இஎஸ்பி32 போர்டு (நிரல் ஓடும் மூளை), 16 சேனல் பிசிஏ9685 செர்வோ போர்டு, எட்டு எம்ஜி90எஸ் செர்வோ, ஓட்டத்துக்கு நான்கும் மேடை தூக்க மூன்றுமாக ஏழு என்20 கியர் மோட்டார், நான்கு டிபி6612 மோட்டார் டிரைவர், எக்ஸ்எல்4015 மின்னழுத்தக் குறைப்பான், 18650 செல் இரண்டு, அவற்றுக்கான பாதுகாப்பு போர்டு.

செர்வோ வாங்கும்போது இரண்டு விஷயம் பாருங்கள். எம்ஜி90எஸ் 180 டிகிரியிலும் வரும், நிற்காமல் சுற்றும் 360 டிகிரியிலும் வரும். வெளித்தோற்றத்தில் வித்தியாசமே தெரியாது. 180 வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். இரண்டாவது, உள்ளே பிளாஸ்டிக் கியர் உள்ள எஸ்ஜி90-ஐ மலிவு என்று தலையில் கட்டினால் வேண்டாம் என்றுவிடுங்கள். முதல் முட்டலிலேயே பல் உடையும்.

பேரிங்குக்கு ஜே.சி. ரோடு, கலாசிபாளையம் பக்கம் போங்கள். 51100 எண் த்ரஸ்ட் பேரிங் (மேலிருந்து அழுத்தும் எடையைத் தாங்கும் வகை) எட்டு: உள்விட்டம் 10, வெளிவிட்டம் 24, தடிமன் 9 மி.மீ. தகடு வெட்ட பீன்யாவில் லேசர் வெட்டும் பட்டறைகள் நிறைய உண்டு. ஆனால் சின்ன வேலைக்குக் காத்திருக்க வைப்பார்கள். எல்லாத் துண்டையும் ஒரே வரைபடத்தில் அடுக்கிக் கொடுத்தால் சீக்கிரம் முடியும்.

மீதி மெடிக்கல் ஷாப்பில். திருகிப் பூட்டும் முனையுள்ள 10 மி.லி. சிரிஞ்சு பன்னிரண்டு, 20 மி.லி. ஒன்று, டிரிப் குழாயில் போடும் மூன்று வழி ஸ்டாப்காக் (திருகித் திறந்து மூடும் சிறு வால்வு) பத்து, அதற்கேற்ற நீட்டிப்புக் குழாய். ஊசி வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். செருகிவிடும் முனையுள்ள சிரிஞ்சு மலிவுதான், அழுத்தம் ஏறியதும் குழாய் பட்டென்று கழன்று சுவரில் தண்ணீர் அடிக்கும்.

3. காகிதத்தில் சுழல் வட்டம்

வேலை தொடங்கும் முன் அட்டையில் எட்டு வட்டம் வெட்டுங்கள். ஒவ்வொரு வட்டமும் ஒரு கால் முழுச் சுற்று சுற்றினால் பிடிக்கும் இடம்.

நம் சக்கரத்தின் விட்டம் 45 மி.மீ., அகலம் 12. இரண்டு சக்கரத்துக்கு நடுவே மோட்டாருக்காக 28 மி.மீ. இடம், ஆக ஜோடியின் மொத்த அகலம் 52. சக்கர அச்சு மூட்டு மையத்திலிருந்து அதிகபட்சம் 6 மி.மீ. விலகலாம் என்று வைத்தால், வெளிமுனை மையத்திலிருந்து சுமார் 38.6 மி.மீ. தூரம். வட்டத்தின் விட்டம் 77. வரிசை இடைவெளி 87.5 என்பதால் பத்து மி.மீ. மிச்சம் இருக்கிறது. போதும்.

சக்கரம் இன்னும் கொஞ்சம் பெரிதாக இருந்தால் அழகாக இருக்குமே என்று 50 மி.மீ. போடுகிறவர்கள் உண்டு. நேராக ஓடும்போது ஒன்றும் தெரியாது. பக்கவாட்டு ஓட்டத்துக்குக் கால்கள் திரும்பும்போது இடையில் 6.5 மி.மீ.தான் மிஞ்சும், ஒரு குழாய் கொஞ்சம் வெளியே பிதுங்கினாலும் பக்கத்துக் கால் அதைப் பிடித்து இழுக்கும்.

4. ஒரே ஒரு கால்

இந்தப் பகுதிக்குத்தான் அதிக நேரம் போகும். போகட்டும்.

மேலிருந்து கீழாகப் பார்ப்போம். முதலில் மூட்டுக் குழாய்: வெளிவிட்டம் 10 மி.மீ. உள்ள பித்தளை அல்லது ஸ்டீல் குழாய். திண்ணமான கம்பி போடாதீர்கள். மோட்டார் கம்பி இரண்டும் ஹைட்ராலிக் குழாயும் இதன் நடுத்துளை வழியாகத்தான் கீழே இறங்க வேண்டும். வெளியே தொங்கவிட்டால் கால் திரும்பத் திரும்பக் கம்பி முறுக்கிக்கொண்டு சால்டர் விட்டுப்போகும்.

குழாயைச் சுற்றி த்ரஸ்ட் பேரிங். இது இல்லாமல் கட்டுகிறவர்கள்தான் “செர்வோ வீக்கா இருக்கு, பெரிய செர்வோ வாங்கணும்” என்பார்கள். செர்வோவில் கோளாறு இல்லை. 2 கிலோ எடை தகட்டோடு தகடு உரசித் திரும்புவதும், குண்டுகள்மேல் உருண்டு திரும்புவதும் ஒன்றல்ல. பேரிங் இருந்தால் எம்ஜி90எஸ்-இன் 1.8 கிலோ-செ.மீ. திருப்புவிசை தாராளம்.

பேரிங்குக்குக் கீழே மேல் கை, அதன் முனையில் ஒரு கீல், கீலிலிருந்து கீழ்க் கை. கீழ்க் கையின் கடைசியில் சக்கர ஜோடி, நடுவில் சிலிண்டரின் முனை. கீலிலிருந்து சிலிண்டர் முனை வரை 20 மி.மீ., சக்கர அச்சு வரை 40 மி.மீ. என்றால் விகிதம் 1:2. சக்கரம் 24 மி.மீ. ஏறி இறங்கினால் சிலிண்டர் 12 மி.மீ. நகரும். அசல் வண்டி மேலே 350, கீழே 350 மி.மீ. போகும், அது நமக்கு 22 மி.மீ. என்று வரும். நாம் மேலே 12, கீழே 12-உடன் நிறுத்திக்கொள்கிறோம். அதற்குமேல் ஆசைப்பட்டால் சிரிஞ்சு தரையில் இடிக்கும்.

நடு உயரத்தில் சக்கர அச்சு மூட்டு மையத்துக்கு நேர் கீழே வர வேண்டும். கை மடங்கும்போது அது கொஞ்சம் முன்பின் போகும். அந்த விலகலைத்தான் 6 மி.மீ. என்று மேலே எடுத்துக்கொண்டோம். விலகல் கூடினால் ஓட்டும்போது சக்கரம் செர்வோவைப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டே இருக்கும்.

அடுத்தது சக்கர ஜோடி. இங்கே இரண்டு விதி.

இரண்டு சக்கரத்தையும் ஒரே அச்சில் இறுக்காதீர்கள். கால் நின்ற இடத்தில் திரும்பும்போது ஒரு சக்கரம் முன்னால் உருளும், மற்றது பின்னால் உருளும். ஒன்றாகப் பூட்டினால் இரண்டுமே தரையைத் தேய்க்கும். ரப்பர் போகும், செர்வோ சூடாகும். ஓட்டும் காலிலும் மோட்டார் ஒரு சக்கரத்தை மட்டும் சுற்றட்டும், மற்றது பேரிங்கில் சும்மா உருளட்டும்.

ஜோடி பக்கவாட்டில் 6 டிகிரி அளவுக்கு ஆடவும் வேண்டும். கீழ்க் கையின் முனையில் முன்பின் திசையில் ஒரு பின் போட்டு, சக்கரச் சட்டத்தை அதில் தொங்கவிட்டால் போதும். தரை கொஞ்சம் சரிந்திருந்தாலும் இரண்டு சக்கரமும் சமமாகப் பதியும்.

என்20 மோட்டாரின் ஷாஃப்ட் 3 மி.மீ.தான். அதில் சக்கரத்தை மாட்டி எடையைச் சுமக்க விடக்கூடாது. சக்கரத்தின் உள்பக்கம் ஒரு பேரிங் எடையைத் தாங்கட்டும், ஷாஃப்ட் சுழற்சியை மட்டும் தரட்டும்.

சிலிண்டர் என்பது குட்டையாக வெட்டிய 10 மி.லி. சிரிஞ்சு. முனைப்பக்கம் அப்படியே இருக்க வேண்டும், வாய்ப்பக்கத்தை மெல்லிய பல் ரம்பத்தால் அறுத்து, நீர் விட்டு எமரி தாளில் தேயுங்கள். சொரசொரப்பு இருந்தால் ரப்பர் கீறிக் கசியும். பிஸ்டன் வெளியே வந்துவிடாமல் கையில் ஒரு தடுப்பு அவசியம்.

ரப்பருக்கு எண்ணெய்: சிலிகான் ஆயில் மட்டும். டிரெட்மில் பெல்ட்டுக்கு விற்பதே போதும். எஞ்சின் ஆயில், மெஷின் ஆயில் போட்டால் ரப்பர் ஊறி உப்பிப் பிஸ்டன் சிக்கிக்கொள்ளும். வீட்டில் இருக்கிறதே என்று தேங்காய் எண்ணெய் போடுகிறவர்களும் உண்டு. வெயில் காலத்தில் வேலை செய்யும்; டிசம்பர் காலையில் பெங்களூரு குளிரில் குழாயோடு உறைந்து வெள்ளையாக நிற்கும்.

செர்வோவைக் காலோடு கம்பி இணைப்பால் இணைக்காதீர்கள். நமக்கு இருபுறமும் 90 டிகிரி வேண்டும். கம்பி இணைப்பு 60-ஐத் தாண்டும்போதே தடுமாறும். ஒரே அளவுள்ள இரண்டு கியர், ஒன்று செர்வோவில், ஒன்று மூட்டுக் குழாயில். 3டி பிரிண்டரில் எடுத்த கியரே தாங்கும்.

5. அந்தக் காலுக்குப் பரீட்சை

ஒரு மரச் சட்டத்தில் காலை மாட்டி, கீழே சமையலறை எடைமேடையை வைத்து, மேலே எடை ஏற்றுங்கள். ஒரு கிலோ உப்புப் பாக்கெட்டைப்போல வசதியான எடைக்கல் வேறில்லை. வேலை எடை 2 கிலோ, ஆனால் சோதனை 4 கிலோவில். இரு மடங்கு ஏன்? மேடு ஏறும்போது ஒரு கணம் ஒரு காலுக்கு அவ்வளவு வரலாம்.

பார்க்க வேண்டியது நான்கு. செர்வோ இரு ஓரம்வரை முனகாமல் திரும்புகிறதா. சிலிண்டர் நழுவாமல் நிற்கிறதா, பத்து நிமிஷம் கழித்தும் உயரம் மாறவில்லையா. குழாய் திரும்பும்போது எங்காவது மடிகிறதா. கை பக்கவாட்டில் ஆடுகிறதா. ஆட்டம் இருந்தால் கீல் துளை பெரிதாகிவிட்டது என்று அர்த்தம். துளைக்குள் பித்தளை புஷ் போடுங்கள். இப்போது ஒரு காலில் திருத்துவது அரை மணி வேலை.

எல்லாம் சரி என்றால் அந்தக் காலையே மாதிரியாக வைத்து மீதி ஏழையும் செய்யுங்கள். அதில் நான்குக்கு மட்டும் மோட்டார், அதுவும் இரண்டாம், மூன்றாம் வரிசையில். நடுவரிசைக் கால்கள் குறைவாகத் திரும்பும், கம்பி நீளமும் குறையும். தவிர, இந்த நான்கும் வண்டி மையத்திலிருந்து சம தூரத்தில் இருப்பதால் நின்ற இடத்தில் சுழலும்போது நான்குக்கும் ஒரே வேகம் போதும்.

6. முதுகெலும்பு

50×25 மி.மீ. அலுமினிய செவ்வகக் குழாய், படுத்த வாக்கில், 350 மி.மீ. நீளம். அதன் இருபுறமும் எட்டுக் கைத்தகடு, மேலே 2 மி.மீ. தகடு. அவ்வளவுதான். மூட்டுத் துளைகள் எட்டையும் ஒரே தகட்டில், ஒரே முறையில் லேசரில் வெட்டச் சொல்லுங்கள். கையால் குறித்து டிரில் போட்டால் துளைக்குத் துளை அரை மி.மீ. தள்ளும், மூட்டு சாயும், வண்டி நேராகப் போகாது.

7. எட்டு சிலிண்டர், மூன்று குழு

வண்டி உருளுமா கவிழுமா என்பது இங்கேதான் முடிவாகிறது.

எட்டு சிலிண்டரையும் ஒரே குழாயில் இணைத்தால் எல்லாவற்றிலும் ஒரே அழுத்தம் இருக்கும். ஆனால் மேடை ஒரு பக்கம் சாய்ந்தால் நீர் அங்கிருந்து மறுபக்கம் ஓடி, மேலும் சாயும். எட்டையும் தனித்தனியாக விட்டால் சாயாது. ஆனால் மேடு வந்ததும் ஒரு காலே முழு எடையையும் சுமக்கும், எதிர்க்கால் காற்றில் தொங்கும். இரண்டுக்கும் நடுவழி, மூன்று குழு.

முன்னிரண்டு வரிசையின் நான்கு கால்கள் ஒரு குழு. பின்னிரண்டு வரிசையின் இடது கால்கள் இரண்டு ஒரு குழு, வலது கால்கள் இரண்டு ஒரு குழு. ஒவ்வொரு குழுவும் தன் நடுப்புள்ளியில் ஒரே கால் இருப்பதைப்போல நடந்துகொள்ளும். ஆக வண்டி மூன்று புள்ளியில் நிற்கிறது. முக்காலி எந்தத் தரையிலும் ஆடாது.

ஆனால் முக்காலிக்கு ஒரு பலவீனம் உண்டு. அந்த மூன்று புள்ளியையும் காகிதத்தில் கோடு போட்டு இணையுங்கள். சுமையின் ஈர்ப்பு மையம் அந்த முக்கோணத்துக்குள் விழ வேண்டும். நம் அளவில் மேடையின் நட்டநடுவிலிருந்து முக்கோணத்தின் ஓரத்துக்கு வெறும் 22 மி.மீ.தான். மேடை அகலம் 152 இருக்கிறதே என்று நம்பி சுமையைக் கால் சாண் தள்ளி வைத்தால் வண்டி கவிழும். சுமையின் மையம் 150 மி.மீ. உயரத்தில் இருந்தால் 8 டிகிரி சாய்வே போதும்.

உயரமான சுமைக்கு நான்கு குழுவாகப் பிரிக்கலாம்: முன்னிடது, முன்வலது, பின்னிடது, பின்வலது. பக்கவாட்டு இடம் 45 மி.மீ. ஆகும். பதிலுக்கு, தரை முறுக்கிக்கொண்டிருந்தால் எடை எதிரெதிர் மூலைகளுக்குப் போய், சட்டமும் முறுக்கும். இதற்காகத்தான் ஸ்டாப்காக் வாங்கச் சொன்னேன். முன்குழுவின் இடது வலதுக்கு நடுவே ஒன்றைப் போட்டுவிட்டால், திருகைத் திறந்தால் மூன்று குழு, மூடினால் நான்கு. அசல் வண்டியிலும் வால்வு திறந்து மூடித்தான் குழு பிரிக்கிறார்கள். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: மூடிய பிறகு முன்னிரு பக்கமும் அந்த நேரத்து உயரத்திலேயே நிற்கும். தனியாகத் தூக்க வேண்டுமென்றால் நான்காவது தாய் சிரிஞ்சு (குழுவின் சிலிண்டர்களுக்கு நீர் தள்ளும் சிரிஞ்சு) தேவை. அதற்காகவே பன்னிரண்டில் உதிரி இருக்கிறது.

அழுத்தக் கணக்கு எளிது. காலுக்கு 2 கிலோ, கை விகிதத்தால் சிலிண்டரில் 4 கிலோ. 10 மி.லி. சிரிஞ்சின் உள்பரப்பு ஏறக்குறைய 2 சதுர செ.மீ. ஆக சதுர செ.மீ.க்கு 2 கிலோ, கார் டயர் அழுத்தத்தை ஒட்டி வருகிறது. சிரிஞ்சு தாங்கும்.

மேடையைத் தூக்க, குழுவுக்கு ஒரு தாய் சிரிஞ்சு. ஒரு சிலிண்டர் 12 மி.மீ. நகர சுமார் 2.4 மி.லி. நீர் வேண்டும். பின்குழுக்களுக்கு 5 மி.லி. போதும், 10 மி.லி. சிரிஞ்சு சரி. முன்குழுவுக்கு 10 மி.லி. வேண்டும், அதற்கு அந்த 20 மி.லி. இவற்றை எம்5 திருகுக் கம்பியும் என்20 மோட்டாரும் தள்ளட்டும். எம்5-இன் புரி 0.8 மி.மீ. என்பதால் மெதுவாகத்தான் ஏறும். அதுதான் வேண்டும்: மோட்டாரை நிறுத்தியதும் சுமை திருகைத் திருப்பித் தள்ள முடியாது.

தாய் சிரிஞ்சு மூன்றும், பேட்டரியும், போர்டுகளும் வண்டியின் ஒரு முனையில் தனிப் பெட்டியில் போகட்டும். அசலிலும் எஞ்சின் பெட்டி அப்படித்தான் முனையில் தொங்கும்.

8. நீர் நிரப்புவதும் காற்று எடுப்பதும்

பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் எடுத்து, கொதிக்க வைத்து, மூடி ஆறவிடுங்கள். கொதித்தால் நீரில் கரைந்திருக்கும் காற்று வெளியேறும்; இல்லாவிட்டால் இரண்டு நாள் கழித்துக் குழாயில் முத்துமுத்தாகக் குமிழி நிற்கும். அதில் கொஞ்சம் கிளிசரின் சேர்த்தால் பிஸ்டன் வழுக்கும்.

வண்டியைத் தலைகீழாகப் போட்டு, தாய் சிரிஞ்சைக் கீழே வைத்து, மெதுவாக நீரை மேலே தள்ளுங்கள். காற்று மேலேதான் போகும், அதை எதிர்த்துப் போராடாதீர்கள். ஒவ்வொரு சிலிண்டராக முனையைத் தளர்த்தி, குமிழி இல்லாமல் சொட்டு வந்ததும் பூட்டுங்கள். தட்டிக்கொண்டே செய்தால் மூலையில் ஒட்டிய குமிழியும் வரும்.

காற்று மிச்சம் இருக்கிறதா என்று பார்க்க மேடையை உள்ளங்கையால் அழுத்திவிடுங்கள். ஸ்பிரிங் மாதிரி துள்ளினால் இன்னும் இருக்கிறது. காற்று சுருங்கும், நீர் சுருங்காது. துள்ளுகிற மேடையில் சுமை ஏற்றினால் ஓரம் அமுங்கி, மையம் நகர்ந்து, முக்கோணத்தைத் தாண்டிவிடும்.

பிறகு ரசமட்டம் வைத்து மூன்று குழுவையும் சமப்படுத்துங்கள். முன்சிரிஞ்சுக்கும் பின்சிரிஞ்சுகளுக்கும் விட்டம் வேறு. மோட்டார்கள் ஒரே நேரம் ஓடினால் மேடை ஒரே சீராக ஏறாது. வேகத்தைக் கொஞ்சம் ஏற்றி இறக்கி ஒத்துவரச் செய்யுங்கள்.

9. மின்சாரம்

இரண்டு செல் தொடரில் 7.4 வோல்ட். அதை எக்ஸ்எல்4015 வழியாக 6 வோல்ட்டாக்கி செர்வோ போர்டின் மின்முனைக்கு நேராகக் கொடுங்கள். இஎஸ்பி32-இன் 5 வோல்ட் முனையிலிருந்து செர்வோவுக்கு எடுக்கவே கூடாது. எட்டு செர்வோவும் சேர்ந்து இழுக்கும்போது மின்னழுத்தம் சரிந்து போர்டு மறுபடி தொடங்கும். தொடங்கியதும் செர்வோக்கள் ஒரு குலுக்கல் போடும், சுமை ஏற்றியிருந்தால் அதோ கதிதான். செர்வோ முனையில் 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றும் வையுங்கள். தரைக்கம்பி எல்லாவற்றுக்கும் பொது.

செர்வோ கியரைப் பூட்டும் முன், எட்டையும் நடுநிலைக்குக் கொண்டு வாருங்கள். 50 ஹெர்ட்ஸில் பிசிஏ9685-க்கு 1500 மைக்ரோ செகண்ட் என்பது 307 என்ற எண். அதை அனுப்பி, செர்வோ நின்ற பிறகு, கால் நேராக இருக்கும்படி கியரைக் கோத்துத் திருகுங்கள். முதலில் பூட்டிவிட்டு அப்புறம் மின்சாரம் கொடுத்தால் செர்வோ நடுநிலைக்குத் தாவும்போது குழாயைப் பிய்க்கும்.

ஒரே பெட்டியில் வந்த செர்வோக்களும் ஒன்றுபோல் திரும்பாது. ஒவ்வொன்றுக்கும் பாகைமானி வைத்து இடது 90, நடு, வலது 90-க்கான எண்களைத் தனித்தனியே குறித்து நிரலில் அட்டவணையாக வையுங்கள். சலிப்பூட்டும் வேலைதான். செய்யாவிட்டால் சக்கரங்கள் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும்.

10. திருப்பக் கணக்கு

எல்லா ஓட்ட முறைக்கும் ஒரே சூத்திரம்:

டேன் (கோணம்) = முன்பின் தூரம் ÷ (திருப்ப ஆரம் − பக்கவாட்டுத் தூரம்)

இரண்டு தூரமும் வண்டி மையத்திலிருந்து அந்தக் கால்வரை. திரும்பும் பக்கத்துக் காலுக்குப் பக்கவாட்டுத் தூரம் +45, எதிர்ப்பக்கம் −45. முன்பின் தூரம் நடுவரிசைகளுக்கு 43.75, ஓர வரிசைகளுக்கு 131.25. பின்வரிசைகளுக்குக் கழித்தல் குறி, அதனால் அவை தானாக எதிர்ப்பக்கம் திரும்பும்.

ஆரம் 400 மி.மீ. என்றால் முன்வரிசையில் உள்பக்கக் கால் 20.3 டிகிரி, வெளிப்பக்கம் 16.4. இரண்டாம் வரிசையில் 7, 5.6. எல்லாக் காலுக்கும் ஒரே கோணம் கொடுத்து ஓட்டுகிறவர்கள் சக்கரம் தேய்ந்து கீச்சிடும் சத்தத்தை மோட்டார் சத்தம் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

ஆரம் பூஜ்யம் என்றால் நின்ற இடத்தில் சுழற்சி: ஓரக் கால்கள் 71 டிகிரி, நடுக் கால்கள் 44. இப்போது இடப்பக்க மோட்டார்கள் முன்னோக்கியும் வலப்பக்கம் பின்னோக்கியும் சுற்ற வேண்டும். பக்கவாட்டு ஓட்டத்துக்கு எல்லாக் காலும் 90. குறுக்கு ஓட்டத்துக்கு, அதாவது வண்டி திரும்பாமல் மூலைவாக்கில் நகர, எல்லாவற்றுக்கும் ஒரே கோணம். சூத்திரம் தேவையில்லாத இடங்கள் இவை இரண்டுதான்.

முறை மாற்றும்போது வண்டி நின்றிருக்க வேண்டும். கால்கள் திரும்பி முடிந்ததும் அரை நொடி விட்டு மோட்டாருக்கு அனுமதி கொடுக்கும்படி நிரலில் எழுதிவிடுங்கள். கையில் கேம்பேட் (வண்டியை ஓட்டும் விளையாட்டுக் கைக்கருவி) கிடைத்தவர்கள் பொறுமையாக இருப்பார்கள் என்று நம்ப வேண்டாம்.

வேகம்: அசலில் மனிதன் நடக்கும் வேகம், மணிக்கு 5 கி.மீ. நமக்கு நொடிக்கு 87 மி.மீ., சக்கரத்துக்கு நிமிஷத்துக்கு 37 சுற்று. ஆக 50 சுற்று என்20 வாங்குங்கள், 300 சுற்று வேண்டாம். 400 ஆரத் திருப்பத்தில் வெளிப்பக்க மோட்டார் உள்பக்கத்தைவிட கால் பங்கு வேகமாக ஓட வேண்டும் என்பதையும் நிரலில் சேருங்கள்.

11. வெறும் வண்டி, அப்புறம் மேடு, அப்புறம் சுமை

முதலில் வண்டியை மரக்கட்டைமேல் தூக்கி வைத்து, சக்கரம் காற்றில் இருக்க, எல்லா முறையையும் திருப்பிப் பாருங்கள். பிறகு வழவழப்பான தரையில் வெறும் வண்டியாக ஓட்டுங்கள். தரையில் ஒரு சாக்கட்டிக் கோடு போட்டு, இரண்டு மீட்டருக்கு எவ்வளவு விலகுகிறது என்று அளந்து, நடுநிலை எண்களைச் சரிசெய்யுங்கள்.

அடுத்தது மேடு. சாலை விதிப்படி வேகத்தடையின் உயரம் 10 செ.மீ. நமக்கு 6 மி.மீ., ஒரு பிளைவுட் பட்டை. (நம் தெருக்களில் இருப்பவற்றை அளந்தால் பட்டையை இரட்டிக்க வேண்டியிருக்கும்.) பின்குழுவின் ஒரு கால் அதில் ஏறும்போது அதன் நீர் அடுத்த காலுக்குப் போய், மேடையின் அந்த மூலை 3 மி.மீ. மட்டுமே உயர வேண்டும். முழு 6-ம் உயர்ந்தால் நடுவில் ஏதோ ஒரு ஸ்டாப்காக் மூடிக் கிடக்கிறது.

சுமை ஏற்றும்போது ஒரே தடவையில் 12 கிலோ வைக்காதீர்கள். 4, 8, 12 என்று போங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் எடைமேடையை ஒரு காலின்கீழ் வையுங்கள்; மற்ற கால்களின்கீழும் அதே தடிமனுக்குப் பலகை கொடுக்க மறக்க வேண்டாம், இல்லையென்றால் மேடை சாய்ந்த நிலையில் அளந்துகொண்டிருப்பீர்கள். எட்டும் பத்து சதவீதத்துக்குள் ஒத்துப்போனால் சுமை சரியான இடத்தில் இருக்கிறது. முன்பக்கம் கூடினால் சுமையைப் பின்னால் நகர்த்துங்கள். குழாயில் கை வைக்காதீர்கள். ஒரு குழுவுக்குள்ளேயே இரண்டு காலுக்கு வித்தியாசம் என்றால் ஒரு பிஸ்டன் சிக்குகிறது, கழற்றிச் சிலிகான் ஆயில் விடுங்கள்.

சுமைக்கு அடியில் ஒரு ரப்பர் விரிப்பு போட்டு, நான்கு மூலையிலும் சங்கிலி கட்டுங்கள். அலுமினியத்தில் எதுவும் வழுக்கும், பிரேக் பிடிக்கும்போது சுமை நகர்ந்தால் அந்த 22 மி.மீ. ஒரு நொடியில் தீர்ந்துவிடும்.

ஓட்டி முடித்ததும் சுமையை இறக்கி, சட்டத்தின்கீழ் மரக்கட்டை வைத்து, மேடையை அதன்மேல் உட்கார வையுங்கள். ஸ்டாப்காக்குகளைத் திறந்து அழுத்தத்தை விட்டுவிடுங்கள். அழுத்தத்திலேயே விட்டால் ரப்பர் ஒரே இடத்தில் அமுங்கிப் போய், அடுத்த வாரம் அந்த இடத்தில் கசியும். செல்களைக் கழற்றி வெளியே வைத்துச் சார்ஜ் போடுங்கள், பக்கத்தில் ஆள் இருக்கும்போது மட்டும். மறுநாள் காலை ஒவ்வொரு சிலிண்டரின் அடியிலும் டிஷ்யூ பேப்பரை ஒற்றிப் பாருங்கள். ஈரம் தெரிகிற காலைக் கழற்றி, வெட்டிய விளிம்பை மறுபடி எமரி போட்டு, புது ரப்பர் மாற்றுங்கள்.